திருகோணமலையில் பழைய இரும்பு எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது?

திருக்கடலூரிலிருந்து ஒரு தம்பி மூன்று கேள்வி கேட்டிருந்தார். திருகோணமலையில் பழைய இரும்பு வியாபாரம் எப்படித் தொடங்கியது? இவ்வளவு பெரிய துறைமுகம் இருந்தும் சிட்டகாங், அலங் மாதிரி இங்கே கப்பல் உடைக்கிற தொழில் ஏன் வரவில்லை? இங்கே சேர்கிற இரும்பு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? நான் முப்பது வருடத்துக்கு மேல் பெடியங்களுக்கு வெல்டிங் படிப்பித்தவன். அப்பா கடற்படைக் கப்பல்கள் பழுதுபார்க்கிற டொக்யாட்டில் பிற்றராக இருந்தவர். பழைய இரும்புக் கடைகளில் நின்றே பாதி வயசு போனது. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

கப்பல் கேள்வியை முதலில் எடுக்கிறேன். நல்ல துறைமுகம் இருந்தால் கப்பல் உடைக்கவும் நல்ல இடம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர்மாறு. குஜராத்தில் அலங் என்ற இடத்தில் 1983இல் கப்பல் உடைக்கத் தொடங்கினார்கள். அங்கே இயற்கைத் துறைமுகம் என்று ஒன்றும் இல்லை. இருப்பது மெல்லச் சரிந்து போகிற கரையும், உலகத்திலேயே பெரிய வற்றுப்பெருக்குகளில் ஒன்றும். காம்பே வளைகுடாவில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் பத்து மீற்றர் அளவுக்கு வித்தியாசம் வரும். அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கைப் பார்த்து கப்பலை முழு வேகத்தில் கரைக்கு ஓட்டி ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வற்றியதும் கப்பல் தரையில் நிற்கும். ஆட்கள் நடந்துபோய் வெட்டலாம். முன்பக்கத்தை வெட்டிப் பாரம் குறைத்தால், அடுத்த பெருக்கில் விஞ்ச் போட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே இழுக்கலாம். கட்டிய துறையும் வேண்டாம், பெரிய கிரேனும் வேண்டாம். கடல்தான் தூக்கிக் கொடுக்கிறது, கடல்தான் இறக்கி வைக்கிறது.

இப்போதைய பங்களாதேஷில் இருக்கிற சிட்டகாங்கின் கதையும் அப்படித்தான். 1960இல் அடித்த புயலில் எம்.டி. அல்பைன் என்ற கிரேக்கக் கப்பல் சீதாகுண்டாக் கரையில் ஏறிவிட்டது. திரும்பக் கடலில் இறக்க முடியவில்லை. சில வருடம் அப்படியே கிடந்த பிறகு, உள்ளூர்க்காரர் அதை உடைத்தார்கள். அங்கேயிருந்துதான் அந்தத் தொழில் பிறந்தது.

இப்போது எங்கள் துறைமுகத்தைப் பாருங்கள். இங்கே வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றரும் வராது. உட்துறைமுகத்தில் கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே ஆழம். கொட்டியாரக் குடாவுக்குள் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று வந்து முடிகிறது. பெரிய போர்க்கப்பல்கள் இங்கே வந்து நின்றதற்கு அந்த ஆழம்தான் காரணம். அதே ஆழத்தால்தான் இங்கே கப்பலைக் கரையேற்றி உடைக்க முடியாது. இங்கே ஒரு கப்பலை உடைப்பதென்றால் உலர்துறை வேண்டும், மிதக்கும் கிரேன் வேண்டும். அந்தச் செலவுக்கு, அதே கப்பலை அலங்குக்கு ஓட்டிக்கொண்டுபோய் விற்பது முதலாளிக்கு லாபம். வெளிப்படையாகச் சொன்னால், வராமல் போனதே நல்லது. அந்தக் கரைகளில் செத்தவர்களின் கதையையும், கல்நார் தூசியையும், எண்ணெயில் கறுத்த மணலையும் வாசித்தவர் யாரும் எங்கள் நிலாவெளிக் கடற்கரையில் அதைக் கேட்கமாட்டார்கள். கப்பல் உடைப்பதை ஒழுங்குபடுத்துகிற ஹொங்கொங் உடன்படிக்கையே 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது.

இங்கே கிடந்த ஒரு கப்பலை எடுத்துக்கொண்டால் விளங்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது துறைமுகத்துக்குள் நின்ற சகாயிங் என்ற கப்பல் எரிந்தது. எரிந்த கூட்டை என்ன செய்வது? பிரித்தானியர் அதை அடுத்த வருடம் வேண்டுமென்றே ஓரமாகத் தாழ்த்தி, இறங்குதுறையாகப் பாவித்தார்கள். முக்கால் நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 2018 மார்ச்சில்தான் கடற்படைச் சுழியோடிகள் பல மாதம் வேலைசெய்து, ஓட்டைகளை அடைத்து, தண்ணீரை இறைத்து, அதை மிதக்க வைத்தார்கள். அலங்கில் ஒரு பெருக்கு செய்து கொடுக்கிற காரியத்துக்கு இங்கே இவ்வளவு பாடு.

இன்னொன்று. 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி, வலியன்ற் என்ற பெரிய போர்க்கப்பலை மிதவைத்துறையில் ஏற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மிதவைத்துறை என்றால் தண்ணீரில் மிதக்கிற பெரிய இரும்புத் தொட்டி மாதிரி. பக்கத்துத் தாங்கிகளில் தண்ணீர் நிரப்பினால் தாழும், இறைத்தால் கப்பலோடு சேர்ந்து எழும்பும். அன்று தண்ணீரை இறைத்த வரிசை பிழைத்துவிட்டது. கப்பலில் வெடிமருந்தும் நிறைந்திருந்தது. பாரம் சமமாகப் பரவாமல், மிதவைத்துறையின் முதுகு முறிந்து மூழ்கியது. கப்பல் தப்பியது, ஆனால் கடுமையாகப் பழுதடைந்தது. போர் முடிந்து 1948இல் அதை இரும்புக்கு விற்றார்கள். உடைத்தது ஸ்கொட்லாந்தில். திருகோணமலையில் அடிபட்ட கப்பலின் இரும்பு கூட இங்கே உருகவில்லை. அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது, தண்ணீரை இறைத்த வரிசையை விரலை மடக்கி மடக்கிச் சொல்லுவார். என் மாணவர்களுக்குப் பாரம் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, அப்படியென்றால் இங்கே பழைய இரும்பு எங்கிருந்து வந்தது? கடற்படையிடமிருந்து. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்த பிரித்தானியர் 1957 ஒக்டோபர் வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தார்கள். இரண்டாவது உலகப்போர்க் காலத்தில் டொக்யாட் இரவு பகலாக ஓடியது. கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். தேய்ந்த சங்கிலி, பழைய கம்பிவடம், கொதிகலன் குழாய், பித்தளை வால்வு, செப்புக் குழாய், எண்ணெய் பரல். இதில் கொஞ்சம் ஏலத்தில் போனது, கொஞ்சம் குப்பையில் போனது, கொஞ்சம் மதில் தாண்டியும் போனது. அப்பா அந்த மூன்றாவது வகையைப் பற்றிப் பேசமாட்டார். நானும் கேட்டதில்லை.

தளம் கைமாறியபோது ஊரில் பல குடும்பங்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் தொழில் கையில் இருந்தது. கொல்லுவேலை, வெட்டுவேலை, வார்ப்புவேலை, குழாய்வேலை தெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். அவர்களில் பலர் பின்வளவில் கொட்டில் போட்டுப் பட்டறை தொடங்கினார்கள். பட்டறைக்கு இரும்பு வேண்டும், புதிய இரும்புக்குக் காசு இல்லை. பழைய இரும்பு வாங்குகிறவனும் பட்டறைக்காரனும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டது அப்படித்தான். நான் சின்ன வயதில் பார்த்த பட்டறை ஒன்றில், கம்பிவடத்தைப் பிரித்து ஆணி அடித்தார்கள். லொறி வில்லுத்தகட்டைக் காய்ச்சி மண்வெட்டியும் கத்தியும் செய்தார்கள். தார் பரலை வெட்டி, விரித்து, தட்டி, வேலிக்குத் தகரம் ஆக்கினார்கள். பாலையூற்றுப் பக்கம் கறுப்புத் தார் பூசிய அந்தத் தகர வேலிகள் வெயிலில் உருகிச் சட்டையில் ஒட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அம்மாவிடம் வாங்கிய அடியும் நினைவிருக்கிறது.

அந்தக் கால இரும்பை அடையாளம் காண ஒரு வழி உண்டு. பிரித்தானிய அரச உடைமையில் அம்புத்தலைக் குறி ஒன்று அடித்திருப்பார்கள். மூன்று கோடு, மேல்நோக்கிச் சேருகிற மாதிரி. அப்பாவின் இரண்டு இறாத்தல் சுத்தியலில் அது இருந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கிய சுத்தியல் என்று அவர் எப்போதும் அழுத்திச் சொல்லுவார்.

இந்த ஊரில் பழையதைப் பிடுங்கிப் புதியது கட்டுகிற வேலை இரும்புக்கு முன்னாலேயே கல்லில் நடந்திருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கு பிரட்றிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயலும் கல்வெட்டும் நிற்பது அதனால்தான். உலோகத்துக்கு வேறு விதி. 1950இல் நகரசபை கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் உட்பட வெண்கல விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. கல்லை உருக்க முடியாது, வெண்கலத்தை உருக்கலாம். யாரோ ஒரு கை அதை மண்ணுக்குள் வைத்ததால்தான் உலைக்குத் தப்பியது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கையை நினைத்துக்கொள்ளுவேன்.

உலைக்குப் போகாத இன்னொரு பெரிய இரும்பும் எங்களிடம் இருக்கிறது: சீனன்குடா எண்ணெய்க் குதங்கள், அதாவது பெரிய எண்ணெய்த் தாங்கிகள். 1920களில் தொடங்கிப் பிரித்தானியர் காட்டுக்குள் வரிசை வரிசையாகக் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீட்டர் கொள்ளும். மொத்தம் 101 இருந்தன, இப்போது 99. அதே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானம் ஒன்று 91ஆம் இலக்கத் தாங்கியில் வந்து விழுந்தது, தாங்கி நாள்கணக்கில் எரிந்தது. உருகி, மடிந்து, சேலை கசங்கின மாதிரி நிற்கிற அந்தத் தகட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். எண்ணெய் எரிகிற சூட்டில் உருக்கு எப்படி வளையும் என்று புத்தகத்தில் இப்படிக் காட்ட முடியாது.

ஒரு நூற்றாண்டாக அத்தனை ஆயிரம் தொன் உருக்கு வெட்டுப்படாமல் நிற்பதற்குக் காரணம் அரசியல். 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே இந்தக் குதங்களைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. 2003இல் இந்தியன் ஓயில் குதத் தொகுதியின் கீழ்ப்பகுதியைப் பாவிக்கத் தொடங்கியது. 2022 ஜனவரியில் செய்த உடன்பாட்டில் 24 தாங்கி இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஓயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.க்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரித்தார்கள். வேறு ஊரில் என்றால் முப்பது வருடம் சும்மா நின்ற தாங்கியைக் காஸ் கட்டர் போட்டு வெட்டி லொறியில் ஏற்றியிருப்பார்கள். இங்கே எந்த இரும்பு குப்பை, எந்த இரும்பு சொத்து என்பதைத் துரு தீர்மானிக்கவில்லை. துறைமுகத்தில் யாருக்குக் கண் இருந்ததோ அவர்கள்தான் தீர்மானித்தார்கள்.

அடுத்தது, தெருவில் நடக்கிற வியாபாரம். முன்பெல்லாம் சாக்கோடு நடந்தும், பிறகு சைக்கிளிலும், இப்போது முச்சக்கரவண்டியிலும் வருகிறார்கள். "பழைய போத்தல், பழைய பேப்பர், பழைய இரும்பு" என்ற கூப்பாடு மட்டும் மாறவில்லை. வீட்டுக்காரிக்குப் பிளாஸ்டிக் வாளி கொடுத்துப் பழைய அலுமினியச் சட்டியை வாங்கிய காலமும் இருந்தது. கடையில் பிரிக்கிற வேலையைத்தான் நீங்கள் நின்று பார்க்கவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு முதியவர், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். ஒரு துண்டு கைக்கு வந்தால் முதலில் காந்தம். ஒட்டினால் இரும்புக் குவியல். ஒட்டாவிட்டால் அரத்தால் ஒரு கீறல். உள்ளே சிவப்பென்றால் செம்பு, மஞ்சளென்றால் பித்தளை, வெள்ளையென்றால் கையில் தூக்கிப் பார்ப்பார், பாரமில்லாவிட்டால் அலுமினியம். நகத்தால் கீறுப்பட்டால் ஈயம். வார்ப்பிரும்பா உருக்கா என்று சந்தேகம் வந்தால் கல்லில் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். வார்ப்பிரும்பு மந்தமாகச் சத்தம் தரும், உருக்கு மணி மாதிரிக் கிணுங்கும். ஒரு படகு எஞ்சினை அவரும் பேரனும் கழற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் அது ஏழு குவியலாகிவிட்டது. கடைசியில் நிலத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான் மிச்சம். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இதைவிட நுட்பமாகச் செய்யலாம், இதைவிட விரைவாகச் செய்ய முடியாது.

எது ஊரிலேயே நிற்கும், எது கொழும்புக்குப் போகும் என்பதை உருகுநிலை தீர்மானிக்கிறது. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். சிரட்டைத் தணலும் ஒரு பழைய சட்டியும் போதும். அதனால் மீன்பிடிக்கிற ஊர்களில் பழைய பற்றரி ஈயத்தை உருக்கி வீச்சுவலைக்குக் குண்டு வார்ப்பார்கள். ஈரமணலில் பள்ளம் குத்தி ஊற்றுவார்கள், அல்லது மூங்கிலைப் பிளந்து அச்சாக்குவார்கள். அலுமினியம் 660 பாகை, கரியும் ஊதுலையும் இருந்தால் முடியும். செம்பு 1085. இரும்புக்கோ 1500 பாகைக்கு மேல் வேண்டும். அது பின்வளவு வேலை இல்லை. அதற்கு மின்உலை வேண்டும். எனவே இரும்பு லொறி ஏறும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, மேல்மாகாணத்து உருக்காலைகளுக்குப் போய், உருகி, கட்டடக் கம்பியாகி, பல சமயம் அதே வீதியால் திரும்பி வந்து எங்கள் ஊர் வீட்டுத் தூணுக்குள் நிற்கும். 1960களில் சோவியத் உதவியோடு ஒறுவளையில் அரச உருக்குக் கூட்டுத்தாபனம் வந்த பிறகுதான் கட்டடக் கம்பி இந்த நாட்டிலேயே பெரிய அளவில் செய்யப்பட்டது. வாகன உதிரிப்பாகம் என்றால் முதலில் கொழும்பில் பஞ்சிகாவத்தை. அங்கே விலைபோகாததுதான் உலைக்கு. பழைய பேப்பருக்கு ஒருகாலத்தில் பக்கத்திலேயே வழி இருந்தது. வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலோடு கழிவுக் கடதாசியையும் வாங்கியது.

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், இரும்புத்தாது எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1971இல் சேருவிலப் பக்கம் செம்பும் மக்னரைற்று இரும்பும் கலந்த படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அது இன்னும் நிலத்துக்குள்தான். ஒரு தொன் பழைய இரும்பை உருக்கினால் ஏறத்தாழ 1.4 தொன் இரும்புத்தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சம் என்று உலக உருக்குச் சங்கம் கணக்குச் சொல்கிறது. அலுமினியத்தில் இன்னும் கூட: தாதுவிலிருந்து எடுக்கிற சக்தியில் இருபதில் ஒரு பங்கே போதும். அந்த முதியவரின் காந்தம் இந்த ஊருக்கு ஒரு சுரங்கம். யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை, பழைய இரும்புக்காரர் என்கிறார்கள்.

போர்க்காலத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. மூதூர் கிழக்கும் வெருகலும் ஒரு பக்கம், நகரம் மறுபக்கம் என்று பிரிந்திருந்தபோது, அந்தப் பக்கத்துக்குப் பற்றரி, சீமெந்து, கம்பி, எரிபொருள் என்று பல சாமான் போவதற்குத் தடை இருந்தது. நகரத்தில் எறிகிற பொருள் அங்கே பொன். செத்துப்போன பற்றரியை வெயிலில் வைத்து உயிர் கொடுக்கப் பார்த்தவர்கள், சைக்கிள் டைனமோவால் வானொலி கேட்டவர்கள், ஒரு பிடி ஆணியை நிமிர்த்தி நிமிர்த்தி மூன்று கூரைக்குப் பாவித்தவர்கள் அந்தப் பக்கத்துச் சனம். மீள்பாவனை பற்றி இப்போது பள்ளிக்கூடத்தில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டால் ஒரு முழுப் பாடத்திட்டமே கிடைக்கும்.

ஆனால் பழைய இரும்பு வியாபாரத்தின் கறுத்த பக்கமும் அதே காலத்தில்தான் வளர்ந்தது. 2006இல் மூதூர் கிழக்கின் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தது. 2015, 2016இல் திரும்பிப் போனபோது பலருக்கு வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்தான் இருந்தது. கதவில்லை, யன்னல் கம்பியில்லை, கூரையில்லை, கிணற்றுக் கப்பிகூட இல்லை. போர் நடந்த எல்லா இடங்களிலும் இது நடந்திருக்கிறது. ஒரு யன்னல் கம்பி தானாக நடந்து போகாது. யாரோ கழற்றினார்கள், யாரோ தராசில் வைத்தார்கள், யாரோ காசு எண்ணிக் கொடுத்தார்கள். என் மாணவன் ஒருவன் வெல்டிங் செய்த கிறில் ஒன்றை, அதன் வளைவை வைத்தே, ஒரு கடைக் குவியலில் நான் அடையாளம் கண்டேன். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் அகதிமுகாமில் இருந்தார்.

அதற்குப் பிறகு வந்தது வெடிபொருள். போர் முடிந்த ஊர்களில் இரும்பு பொறுக்கப் போனவர்கள் கையை, காலை, உயிரைப் பறிகொடுத்தார்கள். ஏன் தொடுகிறார்கள் என்று படித்தவர்கள் கேட்பார்கள். ஆட்லறிச் செல்லின் அடியில் சுற்றியிருக்கிற வளையம் செம்பு. மோட்டார்ச் செல்லின் வால் பல சமயம் அலுமினியம். ஒருநாள் கூலி கிடைக்காத வீட்டில் அந்தச் செம்பு வளையம் என்றால் அரிசி. அதைத் தட்டிக் கழற்றப் போய்த்தான் வெடிக்கிறது. தம்பி, இதை வாசிக்கிற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காட்டிலோ கடற்கரையிலோ துருப்பிடித்த உருண்டையாக, குழாயாக எதைக் கண்டாலும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், கல்லெறிந்து பார்க்காதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, போன வழியாலேயே திரும்பி வந்து 119 என்ற பொலிஸ் இலக்கத்துக்குச் சொல்லுங்கள். துருப்பிடித்ததால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. துரு சில சமயம் இன்னும் ஆபத்தாக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகரமும் எஞ்சினும் சில மாதத்தில் கரையை விட்டுப் போய்விட்டன, இரும்புக்காரர் பொறுக்கிவிட்டார்கள். கிடந்தது உடைந்த பைபர் படகுகள். பைபர் ஒருமுறை இறுகினால் திரும்ப உருகாது, அதனால் அதற்கு விலை இல்லை. இன்றைக்கும் உங்கள் திருக்கடலூர்க் கரையில் நடந்தால், எதை இரும்புக்காரர் தொடமாட்டார் என்பது கண்ணுக்குத் தெரியும்: பைபர், அறுந்த நைலோன் வலை, பொலித்தீன். கோட்டைக்குள்ளும் நகருக்குள்ளும் திரிகிற மான்கள் அந்தப் பொலித்தீனையும்தான் மேய்கின்றன.

2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்தது. டொலர் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்தது, சில மாதத்தில் 360க்குப் போனது. உலோகத்தின் விலை உலகச் சந்தையோடு கட்டுப்பட்டது என்பதால் செம்பின் விலை ஏறியது. அதோடு களவும் ஏறியது. தண்ணீர் மானி, தொலைபேசிக் கம்பி, சுடலைக் கேற், பள்ளிக்கூடக் குழாய் எல்லாம் போனது. இதற்காக இரும்புக்காரர் எல்லோரையும் கள்ளரென்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொண்டுவருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து எழுதி வைக்கிற கடைகளும் இங்கே இருக்கின்றன. அவர்களுக்கு வியாபாரம் குறைவு, அதுதான் கவலை.

எனக்கு இன்றைக்கு மிகவும் மனதை உறுத்துவது பற்றரி. முச்சக்கரவண்டிப் பற்றரியைக் கத்தியால் பிளந்து, அமிலத்தை வடிகாலில் ஊற்றி, ஈயத்தட்டை வளவுக்குள் உருக்குகிறார்கள். அந்த வளவில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஈயம் பிள்ளையின் மூளைக்குப் போனால் திரும்பி வராது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வயரை எரித்துச் செம்பு எடுப்பதும் அப்படித்தான். அந்தக் கறுத்த புகையில் இருப்பது வெறும் கரி இல்லை, பி.வி.சி. எரிந்தால் டயொக்சின் வரும். வயரைக் கத்தியால் உரித்தால் நேரம் போகும், ஆனால் எரிக்காத செம்புக்குக் கிலோவுக்குக் கூட விலை. இதை நான் எத்தனையோ பேருக்குத் தராசு வைத்துக் காட்டியிருக்கிறேன். காசுக் கணக்கைச் சொன்னால் கேட்கிறார்கள், நோய்க் கணக்கைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பற்றரியை உடைக்காமல் முழுசாகவே வாங்கி, அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்புகிற ஒரு நிலையத்தை உள்ளூராட்சி சபை நடத்தினால், இந்த உருக்கல் பாதியாவது நிற்கும். பெரிய காசு வேண்டாம். ஒரு கூரை, சீமெந்துத் தரை, தராசு, கையுறை, நேர்மையான விலை, இவ்வளவுதான்.

நீங்கள் கடைகளுக்குப் போய்ப் பார்க்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள், லொறிக்கு ஏற்றுகிற நேரம் அது. செருப்போடு போகாதீர்கள், சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள். வயதானவர்களிடம் டொக்யாட் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கதிரை எடுத்துப் போடுவார்கள். குவியலில் எங்கேயாவது அந்த அம்புத்தலைக் குறி உள்ள துண்டு கண்ணில் பட்டால், கிலோவுக்கு என்ன விலையோ அதைக் கொடுத்து வாங்கிவிடுங்கள். காசு போதாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், லொறி வெளிக்கிட முதல் நான் வந்துவிடுவேன்.